அக்கவுண்டன்ட் வாயில் நிற்கிற பெயர்

திருப்பூரில் ஜாப்வொர்க் கொடுத்து வாங்கும், அதாவது சரக்கை வெளி யூனிட்டுகளுக்கு அனுப்பிக் கூலிக்கு வேலை செய்வித்து வாங்கும் கம்பெனிகளுக்காக நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேருக்கு ஒரு வழியாகப் பெயர் முடிவாகிவிட்டது. கோட் எழுதியபோது நடந்த வாக்குவாதத்தைவிட இதில் நடந்தது அதிகம். "பேர்ல என்னங்க இருக்கு, சரக்கு நல்லா இருந்தா தானா ஓடும்" என்றுதான் எங்கள் டீமிலேயே பாதிப் பேர் ஆரம்பத்தில் சொன்னார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. பிசினஸ் சாஃப்ட்வேர் நம் ஊரில் விளம்பரம் பார்த்து விற்பதில்லை. ஒரு அக்கவுண்டன்ட் இன்னொரு அக்கவுண்டன்டிடம் சொல்கிறார், ஒரு ஆடிட்டர் ஆபீஸ் தன் பார்ட்டிகளிடம் சொல்கிறது, அப்படித்தான் விற்கிறது. அந்தச் சொல்லும் இடத்தில் பெயர் தவறிவிட்டால் அதோடு அந்த விற்பனையும் போச்சு. அதனால் பெயர் முதலாளிக்குப் பிடிக்கிறதா, எனக்குப் பிடிக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். கணக்கு எழுதுகிறவர் வாயில் அது நிற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் இந்த சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பனியன் கம்பெனி நூல் வாங்கினால் அந்த நூல் நிட்டிங்குக்குப் போகும், துணியாகி சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து துணியைச் சுருக்கிச் சீராக்கும் காம்பாக்டிங், பிறகு கட்டிங், பவர்டேபிள் என்கிற தையல், செக்கிங், அயர்னிங் என்று பல வாசல் ஏறி இறங்கும். பெரிய கம்பெனிகள் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கும். மற்றவர்களுக்கு ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு யூனிட், ஒவ்வொரு யூனிட்டும் வேறு வேறு முதலாளி. சரக்கு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகரும்போதெல்லாம் ஒரு டெலிவரி சலான் போகும். டிசி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பியது, நடுவில் எவ்வளவு கழிவு, எந்த லாட் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதை இந்த டிசிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி ஜாப்வொர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. அதனால் டிசி நோட்டைத் தொலைத்தால் துணியோடு போகாது, வரியும் தலையில் விழும். இந்த வேலையைத்தான் எங்கள் சாஃப்ட்வேர் பார்க்கிறது.

இதைப் பயன்படுத்தப் போகிறவர் யார்? கம்பெனி முதலாளி இல்லை. ஆபீஸில் உட்கார்ந்து டிசி போடும் ஆள். ஒரு கையில் போன், எதிரே நிற்கும் டெம்போ டிரைவர், பின்னால் கூப்பிடும் முதலாளி என்று நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவர். பெயரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவரைத்தான் நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

இந்த விஷயத்தில் கணக்கு சாஃப்ட்வேரான டேலியை யாரும் தாண்டியதாக எனக்குத் தெரியவில்லை. அதன் கதையே துணி ஆலைகளுக்குப் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஷ்யாம் சுந்தர் கோயங்கா தெற்கிலும் கிழக்கிலும் இருந்த ஆலைகளுக்கு, அதில் துணி ஆலைகளும் சேர்த்தி, மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்துவந்தவர். தன் கணக்கைப் பார்க்கத் தோதான சாஃப்ட்வேர் கிடைக்காமல், கணிதம் படித்த தன் மகன் பாரத் கோயங்காவிடம் எழுதச் சொன்னார். 1986இல் பெங்களூரில் ஆரம்பித்த அந்தக் கம்பெனிக்கு பியூட்ரானிக்ஸ் என்று பெயர், டாஸில் ஓடிய அந்த முதல் சாஃப்ட்வேருக்கு பியூட்ரானிக்ஸ் ஃபைனான்ஷியல் அக்கவுண்டன்ட் என்று பெயர். 1988இல் அதை டேலி என்று மாற்றினார்கள். அந்த நீளப் பெயரை ஒரு குமாஸ்தா போனில் சொல்வதை நினைத்துப் பாருங்கள். டேலி என்ற வார்த்தையோ ஏற்கெனவே ஆபீஸ்களில் புழங்கிக்கொண்டிருந்தது. கணக்கு டேலி ஆகுதா, ஆகலையா என்று கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்களும் சொல்வார்கள். புதிதாக ஒரு சொல்லை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. 1999இல் கம்பெனியே டேலி சொல்யூஷன்ஸ் ஆகிவிட்டது, பியூட்ரானிக்ஸ் என்ற பெயரை இன்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

டேலியில் இன்னொரு சௌகரியம் இருக்கிறது, இதை இங்கிலீஷில் பெயர் வைப்பது பற்றி எழுதுகிறவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது தேவையில்லை. நம் பேச்சில் ஒரு பெயர் தனியாக நிற்காது, அதோடு ஏதாவது ஒட்டும். "டேலில போட்டாச்சா?" "போன வருஷமே டேலிக்கு மாறிட்டோம்." "டேலிக்காரங்க நாளைக்கு வர்றாங்க." மூன்றிலும் பெயர் உடையாமல் முழுசாக நிற்கிறது. கடைசியில் உயிரோசை இருப்பதால் வருகிற சுகம் அது. தூரத்திலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்க உதவும் எனிடெஸ்க் ஜெர்மனியிலிருந்து வந்த பெயர், இருந்தாலும் "எனிடெஸ்க்ல வாங்க" என்று நம் அக்கவுண்டன்ட் நாக்கு தடுக்காமல் சொல்லிவிடுகிறார். ஆனால் இப்போது ஏஐயிடம் பெயர் கேட்டால் அது தரும் பட்டியலில் பாதிக்கு மேல் "சிங்க்", "ஃபை", "ஹப்", "ஃப்ளோ" என்றுதான் முடிகிறது. "ஃபை" என்று முடியும் பெயரோடு ஒரு "ல" சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ஃபைல் என்று கேட்கும். "அந்த ஃபைல்லயா?" என்று எதிர்முனை கேட்கும். "சிங்க்" என்று முடிந்தால் "சிங்க்குல" என்று இழுக்க வேண்டும், பாத்திரம் கழுவும் இடம்தான் ஞாபகம் வரும். அதனால் எங்கள் முதல் விதியே இது: "ல", "க்கு", "காரங்க" மூன்றையும் ஒட்டிச் சொல்லிப் பார், இடறினால் வேண்டாம்.

ஸோஹோவும் ஃப்ரெஷ்வொர்க்ஸும் நம் கண் முன்னால் வளர்ந்தவை, அதனால் எங்கள் பேச்சில் அடிக்கடி வந்தன. ஸோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி. நெட்வொர்க் நிர்வாகத்துக்கான சாஃப்ட்வேர்தான் அப்போது அவர்கள் தொழில், அந்தத் தொழிலுக்கு அந்தப் பெயர் சரிதான். 2005இல் ஸோஹோ ரைட்டர் வந்தது, 2009இல் கம்பெனியின் பெயரையே ஸோஹோ என்று மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு வந்த பொருள்களுக்குப் பெரும்பாலும் புக்ஸ், டெஸ்க், பேரோல் என்று சாதாரண வார்த்தைகளை வைத்தார்கள், முன்னால் ஸோஹோ நிற்பதால் அது போதும். ஃப்ரெஷ்டெஸ்க் 2010இல் ஆரம்பித்தது. டெஸ்க் என்றால் வாடிக்கையாளர் குறை கேட்கும் இடம், அவ்வளவுதான். பின்னால் ஃப்ரெஷ்சர்வீஸ், ஃப்ரெஷ்சேல்ஸ் என்று குடும்பம் பெருத்ததும் 2017இல் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆனது. பெயரின் முன்பாதி விரிய இடம் கொடுத்தது, அதனால் அவர்களால் எதையும் தூக்கிப்போடாமல் மாற முடிந்தது. எங்கள் பார்ட்னர் இதைப் பிடித்துக்கொண்டு, நாமும் முதலில் வீட்டுப் பெயர் ஒன்று வைப்போம், பின்னால் "டிசி", "ஸ்டாக்", "பில்லிங்" என்று சேர்த்துக்கொள்ளலாம் என்றார். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அது பல பொருள் விற்கிறவர்களுக்கு. ஒரே ஒரு பொருளை வைத்துக்கொண்டு, இரண்டு வார்த்தைப் பெயர் வைத்தால் ஜனங்கள் ஏதாவது ஒரு வார்த்தையைத்தான் சொல்வார்கள், பெரும்பாலும் பொதுவாக இருக்கிற பின் வார்த்தையை. "டிசி சாஃப்ட்வேர்" என்று ஆகிவிடும். அந்தப் பெயரில் ஊரில் எல்லோருடையதும்தான் இருக்கிறது.

சட்டத்தின் பெயரை சாஃப்ட்வேருக்கு வைப்பது இன்னொரு வழக்கம். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் எங்கே பார்த்தாலும் ஜிஎஸ்டி என்று ஆரம்பிக்கும் பில்லிங் சாஃப்ட்வேர்கள். அதற்கு முன் 2007இல் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தபோது வாட் என்று வைத்தவர்கள் பத்து வருஷத்தில் பழைய போர்டோடு நின்றார்கள். வரி மாறும், விகிதம் மாறும், படிவம் மாறும். துணி நூலிலிருந்து பனியனாகும் வழி அப்படியே இருக்கும். அதனால் ஜிஎஸ்டி, ஐடிசி, ஈ-இன்வாய்ஸ் என்ற வரிச் சொற்கள் எதுவும் பெயரில் வேண்டாம் என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டையே வரவில்லை.

அப்புறம் தமிழ்ப் பெயர். எனக்கு அதில்தான் ஆசை. முதலில் வந்தது "தறி". எழுத்தில் அழகாக இருந்தது, லோகோ கூட ஒருவர் போட்டுவிட்டார். நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் காட்டினேன். "தறின்னா கரூர்க்காரங்க, ஈரோட்டுக்காரங்க சமாச்சாரமுங்க. நம்மூர்ல மெஷின்தானுங்க. நீங்க நிட்டிங்குக்கு சாஃப்ட்வேர் பண்றேன்னு சொல்லிப்போட்டு தறின்னு வெச்சா, இந்தத் தம்பிக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். நூறு சதவீதம் சரி. நெசவும் பின்னலாடையும் வெளியூர்க்காரர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம், இங்கே அது வேறு தொழில், வேறு ஜனம். அதே காரணத்துக்காக, தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான "பாவு" போச்சு. அது போக, செக்கிங்கில் இருந்த ஒடிசா சூப்பர்வைசர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு பாவ் பாஜி கடையா என்று கேட்டார்.

அவர் கேட்டது சின்ன விஷயம் இல்லை. திருப்பூரில் பவர்டேபிளிலும் செக்கிங்கிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பல ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் இப்போது சூப்பர்வைசர், கான்ட்ராக்டர். எங்கள் ஆப்பில் பீஸ் கணக்கை ஏற்றப் போவது அவர்கள்தான். ழகரமும் றகரமும் வைத்து ஒரு பெயரை அவர்கள் கையில் கொடுத்தால் அவர்களே தங்களுக்குத் தோதாக ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள், அப்புறம் ஒரே பொருளுக்கு ஊரில் இரண்டு பெயர் நடக்கும். ஸோஹோ 2021இல் அரட்டை என்று தமிழ்ப் பெயரோடு ஒரு மெசேஜ் ஆப்பை விட்டபோது எனக்கு ரொம்ப சந்தோஷம். 2025 செப்டம்பர் கடைசியில் அது நாடு முழுக்கப் பரவியபோது, வடக்கே பெயர் வாயில் நுழையவில்லை, மாற்றுங்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. மாற்றக்கூடாது என்பதுதான் என் கட்சி. நாம் எத்தனை ஜப்பான் பெயரையும் கொரியா பெயரையும் சொல்லப் பழகிக்கொண்டோம்! ஆனால் அப்படி ஜனங்களைப் பழக்க ஒரு பெரிய கம்பெனியின் பலம் வேண்டும், காலம் வேண்டும். இப்போதுதான் முதல் கஸ்டமரைத் தேடுகிற எங்களுக்கு அந்த வசதி கிடையாது. தமிழாகவும் இருக்க வேண்டும், பிறமொழிக்காரர் நாக்கிலும் புரள வேண்டும்.

"நூல்" என்ற பெயரை நான் வெகுநாள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். சின்னப் பெயர், தொழிலுக்கு நேரான பெயர். அதைக் கொன்றது போன் சோதனை. அதை எப்படிச் செய்தோம் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாராவது பெயர் தேடிக்கொண்டிருந்தால் இது ஒன்று போதும் என்பேன்.

நிட்டிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, அந்த யூனிட்டில் இருக்கும் அக்கவுண்டன்டுக்கு போன் போடுவது. உள்ளே வட்ட மெஷின்கள் சுற்றும் இரைச்சல் கேட்டவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவரிடம் கூடக் கத்தித்தான் பேச வேண்டும். பெயரை ஒரே ஒரு தடவை, சாதாரணமாகச் சொல்வது. எழுத்துக் கூட்டிச் சொல்லக்கூடாது. "பி ஃபார் பாம்பே, எம் ஃபார் மெட்ராஸ்" ஆரம்பித்தாலே அந்தப் பெயர் தோற்றது என்று அர்த்தம். கேட்டவர் அதை இங்கிலீஷ் எழுத்தில் டைப் அடித்து வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்ப வேண்டும். மறுநாள் அதே ஆளிடம், நேற்று என்ன பெயர் சொன்னேன் என்று கேட்பது. இவ்வளவுதான். "நூல்" இந்தச் சோதனையில் என் யு எல் எல் என்று வந்தது, நூர் என்று வந்தது, ஒருவர் ஓ போட்டார், ஒருவர் யு போட்டார், கடைசியில் ஒரு யு சேர்த்து "நூலு" என்று அனுப்பியவரும் உண்டு. ஒரே பெயருக்கு இத்தனை எழுத்து என்றால் கூகுளில் எப்படித் தேடுவார், லாகின் பக்கத்துக்கு எப்படிப் போவார்? போதாததற்கு, கோட் எழுதுகிறவர்களுக்கு அந்த என் யு எல் எல், அதாவது "நல்", என்றாலே வெறுமை. எரர் மெசேஜில் அந்தப் பெயர் வந்தால் எங்கள் டெவலப்பர்களே குழம்பிப்போவார்கள். தமிழில் குறில், நெடில், ஒற்று இருக்கும் இடமெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாகத்தான் எழுதுவோம், கணக்கு என்று எழுதச் சொன்னால் ஒரு கே போடுகிறவரும் இரண்டு கே போடுகிறவரும் ஒரே ஆபீஸில் இருப்பார்கள். ஆகவே எப்படிக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் எழுத முடியும் என்கிற பெயர் வேண்டும். அப்படிப்பட்டவை தமிழில் நினைத்ததைவிடக் குறைவு, தேடினால் இருக்கின்றன.

இந்தச் சோதனையில் முதல் மார்க் வாங்கியது "கோரா". சாயம் போடாத துணியைக் கோரா என்போம், துணித் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இந்திக்காரர்களுக்கும் அந்தச் சொல் தெரியும். கடைசியில் நெடில், "கோரால போடு", "கோராக்காரங்க" எல்லாம் வழுக்கிக்கொண்டு வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் டைப் அடித்துப் பார்த்தால் கேள்வி-பதில் தளமான கோராதான் முன்னால் வந்து நிற்கிறது. உலகம் முழுக்கத் தெரிந்த பெயர், அதுவும் கம்ப்யூட்டர் சேவையில். எழுத்து வேறு, ஓசை ஒன்று. எங்கள் டிரேட்மார்க் வக்கீல் ஒரே வார்த்தையில் "விட்டுடுங்க" என்றார். நூல் சுற்றி வரும் "கோன்" கதையும் இதேதான், பின்லாந்தின் லிஃப்ட் கம்பெனி தேடலில் முதல் பக்கம் பூராவும் உட்கார்ந்திருக்கிறது. கோன் போனதில் வருத்தமில்லை, கோரா போனதில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வக்கீல் சொன்னதற்குக் காரணம் கேட்டேன், அவர் சொன்ன பதில் எங்கள் போன் சோதனையோடு அப்படியே பொருந்தியது. டிரேட்மார்க் சண்டையில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள். க்ளூவிட்டா பிஸ்கட்டுக்கும் க்ளூக்கோவிட்டா குளுக்கோஸுக்கும் இடையே நடந்த வழக்கில் 1959இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: சாதாரண அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒரு ஆளுக்குக் குழப்பம் வருமா என்று பார்க்க வேண்டும். இரண்டும் குழப்பும் என்றுதான் தீர்ப்பு. அரைகுறை ஞாபகத்தோடு கடைக்குப் போகிற அந்த ஆள்தான் எங்கள் அக்கவுண்டன்ட். டிரேட்மார்க் பதிவகத்தின் இணையத் தேடலிலும் எழுத்தை வைத்துத் தேடுவது தனி, ஓசையை வைத்துத் தேடுவது தனி. பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு, பெயர் காலியாக இருக்கிறது என்று போர்டு எழுதக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டையும் பாருங்கள், அதுவும் உங்கள் பொருளுக்கான சரியான வகுப்பில் பாருங்கள். கம்ப்யூட்டரில் இறக்கிப் போடும் சாஃப்ட்வேர் 9ஆம் வகுப்பு, இணையத்தில் சேவையாக ஓடுவது 42ஆம் வகுப்பு. எங்களைப் போல இரண்டும் இருந்தால் இரண்டிலும் போட வேண்டும். தனி நபர், ஸ்டார்ட்அப், சிறு தொழில் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பரிசீலனையில் தேறினால் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியிடுவார்கள், நாலு மாதம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். பதிவானால் 10 வருஷம், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். டிஎம் என்று இப்போதே போட்டுக்கொள்ளலாம், வட்டத்துக்குள் ஆர் மட்டும் பதிவு முடிந்த பிறகுதான், முன்னாலேயே போட்டால் குற்றம்.

டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பொருள் என்ன செய்கிறது என்பதையே சொல்லும் பெயருக்குப் பதிவு தராது. வருஷக்கணக்காகப் புழங்கி அந்தப் பெயர் உங்களைத்தான் குறிக்கிறது என்று நிரூபித்தால் ஒழிய. "ஜாப்வொர்க் மேனேஜர்" என்று வைத்தால் விற்பது சுலபம், விளக்கவே வேண்டாம், ஆனால் பக்கத்துத் தெருக்காரர் அதையே வைத்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. விளக்கம் சொல்ல வேண்டியதைப் பெயருக்குக் கீழே ஒரு வரியில் சொல்லிக்கொள்ளலாம். பெயர் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை.

சாமி பெயர் வைக்கச் சொல்லி வீட்டில் ஒரு கட்சி இருந்தது. கம்பெனிக்கு வைப்பதில் எனக்கு முழு சம்மதம், எங்கள் ரசீதில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். ஆனால் சாஃப்ட்வேருக்கு வைத்தால் அந்தப் பெயரை யாரும் தனக்கென்று சொல்லிக்கொள்ள முடியாது. ராமாயணம் என்ற பெயரை ஊதுபத்திக்கு டிரேட்மார்க் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனியுரிமை ஆக்க முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேல், முருகன், செந்தூர் என்று நம் பக்கம் எத்தனை ஆயிரம் கடை இருக்கிறது, அதில் நம்மை எப்படித் தேடி எடுப்பார்கள்?

நியூமராலஜியும் வந்தது. பார்ட்னரின் அப்பா அதில் நம்பிக்கை உள்ளவர், முதல் போட்டவரும் அவர்தான். கூட்டுத்தொகை சரியாக வர நடுவில் இன்னொரு ஏ சேர்க்கச் சொன்னார். அவர் நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன், எத்தனையோ கடை அப்படித்தான் நன்றாக நடக்கிறது. ஆனால் கடைக்கு ஜனங்கள் நடந்து வருகிறார்கள், எங்கள் சாஃப்ட்வேருக்கு டைப் அடித்துத்தான் வர வேண்டும். இரண்டு ஏ போட்ட பெயரைக் காதால் கேட்டவர் ஒரு ஏ போட்டுத்தான் தேடுவார். அதனால் அவரிடமே போய், மாமா, இந்த நாலு பெயரில் எதற்குக் கூட்டுத்தொகை நன்றாக இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்று கொடுத்தோம். நாலுமே போன் சோதனையில் தேறியவை. அவர் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து இரண்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார், மனநிறைவாகவே கொடுத்தார். பெயர் வைக்கும்போது பெரியவர்களை இப்படி உள்ளே இழுத்துக்கொள்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் கொடுத்த இரண்டில் ஒன்றுக்கு டாட் காம் வேறொருவர் கையில். அவர் அதில் எதையும் நடத்தவில்லை, விற்பதற்காகவே வைத்திருக்கிறார். கேட்ட விலைக்கு ஒரு டெவலப்பருக்கு ஒரு வருஷச் சம்பளம் கொடுத்துவிடலாம். எங்கள் கஸ்டமர்கள் இந்தியாவில் இருப்பவர்கள், டாட் இன் போதும் என்று அதையே எடுக்கலாமா என்று யோசித்தோம். ஆனால் போனில் பெயரைக் கேட்டவர் கை தானாக டாட் காம் என்றுதான் அடிக்கும், அடித்தால் அந்த விற்பனை விளம்பரத்தில் போய் நிற்பார். மற்றதற்கு இரண்டுமே கிடைத்தன. தமிழில் டாட் இந்தியா முகவரியும் கிடைத்தது, அதையும் எடுத்து வைத்திருக்கிறோம்.

நீளமும் ஒரு கணக்கு. ப்ளே ஸ்டோரில் ஆப்பின் பெயருக்கு 30 எழுத்து இடம், அதில் நம் பெயரும் வர வேண்டும், ஜாப்வொர்க் என்ற சொல்லும் வர வேண்டும். எஸ்எம்எஸ் இன்னும் கறார். கஸ்டமருக்குப் போகும் ஓடிபியும் டிசி மெசேஜும் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி பதிவு செய்த ஹெட்டரில், அதாவது அனுப்புநர் பெயரில்தான் போகும், அது ஆறு எழுத்துக்குள். நீளமான பெயர் வைத்த கம்பெனிகளின் மெசேஜைப் பாருங்கள், உயிரெழுத்தையெல்லாம் பிடுங்கிவிட்டு மெய்யெழுத்தாக நிற்கும், யார் அனுப்பியது என்றே தெரியாது. மோசடி மெசேஜ் வந்து குவியும் காலத்தில், இது யார் என்று ஒரு விநாடி யோசிக்க வைத்தாலும் ஆள் அதைத் திறக்க மாட்டார். முடிவான எங்கள் பெயர் ஐந்தே எழுத்து, எதையும் பிடுங்காமல் அப்படியே போய்விடும்.

பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. விண்ணப்பம் இன்னும் போகவில்லை, கையில் விண்ணப்ப எண் வந்த பிறகு எழுதுகிறேன். இரண்டே அசை, கடைசியில் இகரம், தமிழ்ச் சொல், பனியன் தொழிலில் தினமும் புழங்குவது, ஓசைத் தேடலிலும் பக்கத்தில் யாரும் இல்லை. போன் சோதனையில் எல்லோரும் ஒரே எழுத்தில்தான் அனுப்பினார்கள். தெரிந்த ஒரு அக்கவுண்டன்ட், அவரிடம் சோதனைக்குச் சொன்னதோடு சரி, அடுத்த வாரம் தானாகவே "அதுல ஏத்துறதுக்கு எப்பங்க குடுப்பீங்க?" என்று பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டார்.

இப்போது ஒரே ஒரு விஷயம் பாக்கி. எங்கள் சாஃப்ட்வேரில் அடிக்கும் ஒவ்வொரு டிசியின் அடியிலும் பெயர் சின்னதாக அச்சாகும். ஒரு கம்பெனி அடித்த டிசி நிட்டிங்குக்குப் போகும், சாயப்பட்டறைக்குப் போகும், அங்கே அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. அந்த இடத்தில் பெயரைத் தமிழில் அடிப்பதா, இங்கிலீஷிலா? தமிழில்தான் என்று நான் நிற்கிறேன். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில், அதுவும் மூன்றாவது கார்பன் காப்பியில், தமிழ் எழுத்து அந்த அளவில் கலங்கிப்போகிறது என்று பார்ட்னர் சாம்பிள் எடுத்துக் காட்டினார். அவர் காட்டியது உண்மைதான். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, வரியை அகலமாக்கி இன்னொரு சாம்பிள் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தமிழ் எழுத்திலும் டிரேட்மார்க் போடப் போகிறோம், அதற்கு விண்ணப்பத்தில் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் எழுதித் தர வேண்டும். அந்தப் படிவத்தை இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து நிரப்ப வேண்டும்.